மயிலாடி மகராசன் எதைப் பிடித்துக்கொண்டார்?

குற்றாலத்தில் சீசன் முடியும் நேரம். ஆகஸ்ட் 10, மாலை. எங்கள் படிப்பு வட்டத்தில் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கும் தேதி அது. 1950ஆம் ஆண்டு அதே தேதியில்தான் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தியைப் படித்து விளக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி இடைமறித்தான்.

"அக்கா, ஆணையை எதிர்க்கணும், அது சரி. ஆனா மொதல்ல நம்ம ஆளுங்க எதுக்கு அங்க போனாங்க? கோதுமைக்கும் பால்பவுடருக்கும்தானே? போன எடத்துலயும் சாதிதான். பெறகு எதுக்கு இன்னும் அதையே புடிச்சுத் தொங்கணும்?"

வாசல் ஓரத்தில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார். சீசன் மாதங்களில் லாட்ஜ்களில் விரிப்பு துவைக்கிற வேலை அவருக்கு. ஐம்பது வருடங்களாக ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். (எங்கள் பக்கத்தில் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம்.) அவர் எதுவும் பேசவில்லை. எழுந்து சேலையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

தம்பியின் கேள்வி புதிதல்ல. ஆதிக்கச் சாதிக்காரர்கள் இருநூறு வருடமாகக் கேட்டுவரும் கேள்விதான் அது. நம் பிள்ளைகள் வாயிலிருந்து வரும்போது அது வேறு மாதிரி வலிக்கிறது. அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். யாருக்கும் மதப் பிரச்சாரம் செய்வது என் நோக்கமல்ல. நானே ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறவள் அல்ல. ஆனால் நம் மக்கள் எதையோ ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக விடாமல் பிடித்திருந்தார்கள் என்றால், அது என்னவென்று தெரியாமலே அதைக் கேலி செய்கிற உரிமை நமக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஊர் நுழைவில் அந்தப் பழைய வளைவைப் பார்த்திருப்பீர்கள். மேலே சங்கு முத்திரை இருக்கும். அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முத்திரை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை தமிழ்நாட்டில் இல்லை, திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அதாவது குற்றால அருவியிலிருந்து சில கிலோமீட்டர் நடந்தால் வேறொரு அரசு, வேறொரு சட்டம். அந்தச் சட்டத்தில் 1855 வரைக்கும் மனிதர்களை விற்கலாம், அடகு வைக்கலாம், நிலத்தோடு சேர்த்துக் குத்தகைக்கு விடலாம். பறையர், புலையர், குறவர் என்று அந்த மனிதர்களுக்குப் பெயர் இருந்தது. கூலி என்பது நெல்லாக அளந்து போடுவது. பொதுப்பாதையில் நடக்க முடியாது. உயர்சாதிக்காரர் எதிரே வந்தால் எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்பதற்குச் சாதிவாரியாக அளவு இருந்தது. அடிமையல்லாத ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் தலைவரி உண்டு, கூலியில்லாத ஊழியம் உண்டு.

சங்கு முத்திரை போட்ட அந்தச் சமஸ்தானத்தின் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குத் தெற்கே, மயிலாடி என்றோர் ஊர். இன்று கல்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். அங்கே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகராசன் என்கிற சாம்பவர் வாழ்ந்தார். பறையர் என்று சமஸ்தானம் சொன்ன சாதி. பக்தி மிகுந்தவர், சொந்தமாகக் குலதெய்வக் கோயில் வைத்துக் கும்பிட்ட குடும்பம். அவருக்கு ஓர் ஆசை வந்தது. சிதம்பரம் போகவேண்டும்.

சிதம்பரம் போக ஆசைப்பட்ட இன்னொரு பறையரை உங்களுக்குத் தெரியும். நந்தன். பெரியபுராணம் சொல்கிறபடி அவர் தீயில் இறங்கி, பூணூலும் முடியுமாக எழுந்து, அதன் பிறகுதான் உள்ளே போனார். பறையராகவே உள்ளே போக வழி இல்லை. எரிந்து வேறு ஆளாக வரவேண்டும். மகராசனுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கணவாயைத் தாண்டி, நெல்லைச் சீமையையும் மதுரைச் சீமையையும் கடந்து, கால்நடையாகவே சிதம்பரம் போய்ச் சேர்ந்தார். அங்கே கண்டது அவருக்கு ஒப்பவில்லை. தேடி வந்தது இங்கே இல்லை என்ற மனதோடு திரும்பினார். கனவில் ஒருவர் தோன்றி வழி சொன்னதாக அவர் வழிவந்தவர்களும் சபையாரும் சொல்வதை சி. எம். ஆகூர் 1903இல் எழுதிய திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாறு முதலான நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. கனவை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். திரும்பும் வழியில் அவர் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. அந்த உறவினர்கள் கிறிஸ்தவர்கள். அங்கே கோலாப் என்ற லுத்தரன் போதகர் தமிழில் பேசுவதைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். கையில் புத்தகங்களோடு ஊர் திரும்பினார்.

இதில் அரிசி எங்கே இருக்கிறது, தம்பி? மிஷனரி அவரைத் தேடி வரவில்லை. மயிலாடியில் அப்போது மிஷன் பள்ளிக்கூடம் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, அனாதை இல்லம் கிடையாது. திருவிதாங்கூரின் தென்பகுதியில் ஒரு புராட்டஸ்டண்ட் மிஷனரிகூட இல்லை. ஊருக்கு வந்து தன் உறவுமுறைக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டினார். வீடுகளில் கூடினார்கள். ஒரு வெள்ளைக்காரர்கூட மயிலாடிக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அங்கே ஒரு சபை இருந்தது. அதைக் கட்டியவர் ஒரு சாம்பவர். எதிர்ப்பு வந்தது, மிரட்டல் வந்தது. ஒரு கட்டத்தில், ஊரையே காலி செய்து எல்லோரையும் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்து உதவி கேட்டுப் போனார். அப்படிப் போன இடத்தில்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியரின் தொடர்பு கிடைத்தது. 1806 ஏப்ரலில் ரிங்கல்தௌபே கணவாய் வழியாக மயிலாடிக்கு வந்து சேர்ந்தார்.

பாடப்புத்தகங்களிலும் சபைகளின் நூற்றாண்டு மலர்களிலும் "1806இல் ரிங்கல்தௌபே நற்செய்தியைக் கொண்டுவந்தார்" என்று எழுதுவார்கள். கொண்டுவந்தவர் வேறு ஆள். ஜான் வெப்ஸ்டர் என்கிற வரலாற்றாளர் 1990களில் தலித் கிறிஸ்தவர்களின் வரலாற்றை எழுதியபோது இதைத்தான் அழுத்திச் சொன்னார்: இந்தியாவின் பெரிய மதமாற்ற இயக்கங்களைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகளே, மிஷனரிகள் பின்னால் ஓடி வந்தவர்கள். எம்.ஏ. படிக்கும்போது இதை நான் பஞ்சாப் பற்றிய பாடமாகத்தான் படித்தேன். நம் காலடியிலேயே இதற்கு உதாரணம் கிடக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

அடுத்து வந்தது போர். திவான் வேலுத்தம்பி ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த கதையை நாம் சுதந்திரப் போராட்டமாகப் படிக்கிறோம். அவர் 1809 ஜனவரியில் குண்டறையில் வெளியிட்ட அறிக்கையைக் கொஞ்சம் சாதிக் கண்ணோடு வாசிக்கவேண்டும். ஆங்கிலேயர் வந்தால் கோயில்களில் சிலுவை ஏறும், சாதி வேறுபாடு இல்லாமல் கலப்பு மணம் நடக்கும், தருமம் கெடும் என்று அது மக்களை எச்சரித்தது. அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்தது உண்மை. எதைக் காப்பாற்ற எதிர்த்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காத தேசியவாதம் நமக்கு எப்போதும் பாதி வரலாற்றைத்தான் கொடுக்கும்.

அந்த நாட்களில் மயிலாடிச் சபையார் எப்படி இருந்திருப்பார்கள் என்று யோசியுங்கள். சமஸ்தானத்தின் கோட்டை அரணான ஆரல்வாய்மொழி பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரனின் ஆட்கள் என்று முத்திரை குத்தப்பட்ட சில தலித் குடும்பங்கள். வேதமாணிக்கமும் மற்றவர்களும் மலைப்பக்கம் ஒளிந்துகொண்டார்கள் என்று சபை மரபு சொல்கிறது. புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய கோயிலில் போய்க் கும்பிட்டிருந்தால் தொல்லை விட்டிருக்கும். அப்படிச் செய்தவர்களும் இருந்திருப்பார்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1809 பிப்ரவரி 10இல் ஆங்கிலப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்தது, அதே ஆண்டு மயிலாடியில் கோயில் கட்டி முடிந்தது என்றால், கட்டுவதற்கு ஆட்கள் மிஞ்சியிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆங்கிலப் படை ஜெயித்ததால்தான் கோயில் கட்ட முடிந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. திவான் ஆட்சியில் கிடைக்காத அனுமதி ரெசிடெண்ட் மெக்காலேயின் செல்வாக்கில் கிடைத்தது. காலனி ஆட்சியின் நிழலில்தான் இது நடந்தது. அதற்காக நம் மக்கள் வெட்கப்படவேண்டுமா? அவர்களுக்கு வேறு எந்த நிழல் கிடைத்தது?

இனி ரிங்கல்தௌபே பற்றி. வித்தியாசமான மனிதர். எளிமையாக வாழ்ந்தவர், சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டவர். அதே நேரத்தில் தன்னிடம் வந்தவர்களை விடாமல் சந்தேகித்தவர். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்கள் தலைவரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பிக்கத்தான் வருகிறார்கள் என்று அவருக்கு எரிச்சல். உண்மையான விசுவாசிகள் மிகக் குறைவு என்று நினைத்தார். ஆக, "எதையாவது எதிர்பார்த்துத்தான் வருகிறான்" என்ற பேச்சு நம் தம்பிக்கு முன்பே மிஷனரி வாயில் இருந்தது. ரூபா விஸ்வநாத் 2014இல் எழுதிய 'தி பறையா பிராப்ளம்' என்ற ஆய்வு சென்னை மாகாணத்தின் மிஷனரிகள் எல்லோருமே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டதைக் காட்டுகிறது. ஆன்மாவுக்கு வருகிறவன் நல்லவன், வயிற்றுக்கு வருகிறவன் கள்ளன் என்று அவர்கள் மனிதனை இரண்டாகப் பிளந்தார்கள்.

நான் கேட்பது இதுதான். எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலர் எதற்குப் போனார்கள்? ஆன்மிகத்துக்கா, செங்கல் சூளையிலிருந்து தப்பிக்கவா? வேதமாணிக்கம் நம்பிய வேதமே அடிமைகளை விடுவித்த கடவுளின் கதையைச் சொல்கிறது. ஊழியத்திலிருந்து விடுதலை கேட்ட சாம்பவர் அந்தக் கதையை மிஷனரியைவிடச் சரியாகப் புரிந்துகொண்டார் என்பேன். 1815இல் சமஸ்தானம் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் கோயில் ஊழியத்திலிருந்தும் விலக்கு அளித்தது. வாரத்தில் ஒரு நாள். தலைமுறைகளாக ஓய்வு நாள் என்ற ஒன்றே தெரியாத உடம்புக்கு அந்த ஒரு நாள் என்ன என்று, மாதத்தில் முப்பது நாளும் லாட்ஜில் விரிப்பு துவைக்கிறவர்களிடம் கேட்டால் தெரியும். அது பொருளா, ஆன்மிகமா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

1816இல் ரிங்கல்தௌபே உடல்நலம் குன்றி ஊரை விட்டுக் கிளம்பினார். பிறகு எங்கே, எப்படி இறந்தார் என்பது யாருக்கும் தெரியாது. கிளம்பும்போது தன் அங்கியை வேதமாணிக்கத்துக்கு அணிவித்துச் சபைகளை அவரிடம் ஒப்படைத்தார். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வந்து சேரும்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வெள்ளைக்காரர் யாரும் இல்லை. பணம் அனுப்ப ஆள் இல்லை, அதிகாரியிடம் பேச ஆள் இல்லை. அந்தச் சபைகள் ஒரு சாம்பவரின் கீழ் நடந்தன. மீட் வரும்போது அவை கலைந்திருக்கவில்லை. 'விசுவாசத்தில் உறுதி' என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு வருடம்தான் ஞாபகம் வரும். அதிசயம் எதுவும் நடக்காத இரண்டு வருடம்.

அதன் பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. நாகர்கோவில் மிஷனின் தலைமையிடமாயிற்று, பள்ளிகள் வந்தன. மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் சிலர் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். 1847இல் மிஷனரிகள் அடிமை முறையை ஒழிக்கக் கோரி மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். 1853இல் ஓர் அரைகுறைப் பிரகடனம், 1855 ஜூனில் முழு ஒழிப்பு. மகராசன் சிதம்பரத்துக்கு நடந்தபோது பிறந்த குழந்தை ஒன்று, உயிரோடிருந்தால், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அந்தச் செய்தியைக் கேட்டிருக்கும்.

இப்போது தம்பியின் இரண்டாவது கேள்வி. போன இடத்திலும் சாதிதானே?

ஆமாம். இதைப் பூசி மெழுகவே கூடாது. வேதமாணிக்கம் நற்செய்தி கேட்ட அதே தஞ்சாவூர்ச் சபையில் வெள்ளாளக் கிறிஸ்தவர் ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவர் இன்னொரு பக்கமும் உட்காருவார்கள். அவருக்கு முன்பே அந்தத் தஞ்சைச் சீமையில் ராஜநாயக்கன் என்றொரு பறையர் இருந்தார். தஞ்சை அரசின் படையில் சேர்வைக்காரர், கத்தோலிக்கர். சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்த சுவிசேஷத்தைப் படித்துத் தரங்கம்பாடிச் சபைக்கு வந்து, 1720களின் இறுதியிலிருந்து உபதேசியாராகப் பல பத்தாண்டுகள் உழைத்தார். அவர் குடும்பத்தின்மேல் நடந்த தாக்குதலில் தகப்பனாரைப் பறிகொடுத்தார். 1733இல் தமிழர் ஒருவரை முதன்முதலாகக் குருவாக்கியபோது அந்த இடம் ஆரோன் என்ற வெள்ளாளருக்குப் போனது. அதற்குப் பிறகும் ராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. பறையர் கையால் திருவிருந்து வாங்க வெள்ளாளர் சம்மதிக்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள். அவர் தகுதியை யாரும் மறுக்கவில்லை. மறுக்காமலே இடத்தை மறுத்தார்கள். நம் அலுவலகங்களில் இன்றும் நடக்கிற அதே வித்தை.

ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். சபையை விட்டுப் போகவும் இல்லை. இதை அடிமைத்தனம் என்று சிலர் வாசிப்பார்கள், எனக்கும் சில நாட்களில் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் இன்னொரு வாசிப்பும் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை அவர் மிஷனரியிடம் இரவல் வாங்கவில்லை, தானே படித்துக் கண்டுபிடித்தார். தான் கண்டெடுத்த ஒன்றை, வெள்ளாளர் முகம் சுளிக்கிறார் என்பதற்காக ஏன் விட்டுக்கொடுக்கவேண்டும்?

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக, முழுமையாகக் கைவிடப்படவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள், சாதி விஷயத்தில் நெகிழ்வாக இருந்த வேறு மிஷனுக்குப் போனார்கள். தோழர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் பார்க்கவேண்டும். கிறிஸ்துவா சாதியா என்ற கேள்வி வந்தபோது சாதியைத் தேர்ந்துகொண்டு எழுந்து போனவர்கள் யார், உட்கார்ந்த இடத்திலேயே இருந்தவர்கள் யார்? ஆதாயத்துக்காக மதம் மாறினவர்கள் என்ற பெயர் மட்டும் எப்படி நமக்கே வந்து சேர்ந்தது?

தென்திருவிதாங்கூரிலும் கதை அதேதான். நாடார் மக்கள் பெருந்திரளாகச் சேர்ந்த பிறகு, தொடங்கிவைத்த சாம்பவர்கள் சபையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். தோள்சீலைக்காக உயிரைக் கொடுத்துப் போராடியவர்களே சாம்பவரோடு சமமாக உட்காரத் தயங்கினார்கள். டிக் கூய்மன் 1989இல் லண்டன் மிஷன் பற்றி எழுதிய ஆய்வில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது. அதிலும் ஒரு செய்தி எனக்கு மறக்காது. முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த மிஷனைக் கட்டி வளர்த்த சார்லஸ் மீட், மனைவியை இழந்த பிறகு, 1850களின் தொடக்கத்தில் ஒரு பறையர் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். சக மிஷனரிகளுக்குப் பொறுக்கவில்லை, அவர் மிஷனை விட்டே விலக நேர்ந்தது. பிறகு சமஸ்தானம் அவரைப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக நியமித்துக்கொண்டது. மேடையில் சமத்துவம் பேசியவர்களுக்குக் கல்யாணப் பந்தலில் என்ன ஆனது என்று பாருங்கள்.

பஞ்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கோதுமைக் கேள்விக்குப் பயந்து ஓடியதாக ஆகும். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் திருநெல்வேலிச் சபைகளுக்குப் பல சாதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். கால்டுவெல் காலம் அது. பசியோடு வந்தார்கள், உண்மைதான். பஞ்சம் முடிந்ததும் ஒரு பகுதி திரும்பியும் போனது. மிச்சப் பகுதி இருந்துவிட்டது. கஞ்சித்தொட்டி மூடிய பிறகும் இருந்தவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

எல்லோரும் இதே வழியில் போகவில்லை என்பதும் நம் வட்டார வரலாறுதான். தென்காசிக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் பள்ளர் குடும்பங்கள் ஏறத்தாழ 180 இஸ்லாத்தை ஏற்றன. நாடே அதிர்ந்தது. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்து பார்த்தார்கள். வளைகுடாப் பணம் என்றார்கள். தீண்டாமை என்ற சொல்லை உச்சரிக்க அவர்களுக்கு வாய் வரவில்லை. மாறினவர்களில் பெரும்பாலோர் மாறினபடியே இருந்தார்கள். பிணத்தைச் சுமந்துபோகத் தனிப்பாதை கேட்காத ஒரு கடவுளைத் தேடினவர்கள் என்ற வகையில் மயிலாடிக்காரரும் மீனாட்சிபுரத்துக்காரரும் எனக்கு ஒரே வீட்டுக்காரர்கள்.

இனி 1950. ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியிலேயே நிற்கிறார்கள். சென்னை நடைபாதையில் செருப்பு தைத்த சூசை என்பவர், மற்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மட்டும் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனார். ஒரே நடைபாதை, ஒரே தொழில், ஒரே சாதி. மாறியபின்னும் அதே இழிவு அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985இல் தீர்ப்பு வந்தது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2004இல் போட்ட பொதுநல மனு இன்னும் முடிவு காணவில்லை. 2022 அக்டோபரில் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டு இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பின்மேல் செய்யும் மோசடி என்று உச்சநீதிமன்றம் சொன்னது. 2025இல் ஆந்திர உயர்நீதிமன்றம், பாஸ்டராக இருக்கும் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க முடியாது என்றது. சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா திட்டுகிறான்?

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவராகப் பதிவானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். தனித்தொகுதியில் நிற்கும் உரிமை போகிறது. அதாவது கடந்த எழுபத்தைந்து வருடமாக இந்த நாட்டில் ஒரு தலித் கிறிஸ்தவராக இருப்பதால் கிடைப்பது ஒன்றுமில்லை, இழப்பது மட்டும் உண்டு. அரசே கெஜட்டில் அச்சடித்து வைத்திருக்கும் இந்தச் சான்றுக்குப் பிறகும் ஆதாயத்துக்காகப் போனார்கள் என்று சொல்பவர்களிடம் கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லவேண்டும். எத்தனையோ வீடுகளில் சான்றிதழுக்கு ஒரு பெயரும் கோயிலுக்கு ஒரு பெயரும் இருக்கின்றன. அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஒரே உடம்பில் இருக்கிற பசியையும் நம்பிக்கையையும் தனித்தனிக் கவுண்டரில் நிற்கவைத்தது சட்டம். வரிசையில் நிற்கிறவரைத் திட்டி என்ன பயன்?

சபைகள் இதில் என்ன செய்தன என்று கேட்டால் பதில் சங்கடமானது. மதம் மாறின தீண்டத்தகாதவர் சபைக்குள்ளும் தீண்டத்தகாதவராகவே இருக்கிறார், கற்ற கிறிஸ்தவர்கள் அவருக்காகப் போராடவில்லை என்று அம்பேத்கர் கடுமையாக எழுதியிருக்கிறார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையைப் பிரிக்கும் சுவர் இன்னும் பேச்சில் இருக்கிறது. 2008 மார்ச்சில் எறையூரில் தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் என்ன பட்டார்கள் என்பதை மூத்த தோழர்களிடம் கேளுங்கள். இதையெல்லாம் எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்கள் சபையை விட்டு வெளியேறினவர்கள் அல்ல, உள்ளேயே இருந்து சண்டை போட்டவர்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு, நாம் பரட்டை அண்ணன் என்று கூப்பிட்டவர், பறையையும் நாட்டுப்புறப் பாட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதுதான் திருவிருந்து என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் நெல்லைப் பக்கச் சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. அரிசியும் காயும் ஆளாளுக்குக் கொண்டுவந்து ஒரே இடத்தில் சமைத்துப் பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுவது. அதிலும் யார் பரிமாறுவது, யார் அடுப்படிக்குப் போவது என்று கண்ணுக்குத் தெரியாத கோடு பல ஊர்களில் இருக்கிறது. அப்பாவு அந்தக் கோட்டைத்தான் கேள்வி கேட்டார்.

படிப்பு வட்டம் முடிந்த மறுநாள் காலை அந்த ஆச்சி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான். அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அவன் கேட்டதுல ஒண்ணும் தப்பில்ல எம்மா. ஆனா என்னைய வாசல்ல வச்சுக்கிட்டு ஒன்கிட்ட கேட்டான் பாத்தியா, அதான் எந்திரிச்சு வந்துட்டேன்."

"சரி ஆச்சி, ஒங்ககிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்கம்மா பொறந்த ஊர்ல தெருவுல செருப்பு போட்டு நடக்க முடியாது. கோயிலுக்குப் போறப்ப மட்டும் செருப்பைக் கையில தூக்கிட்டுப் போயி, கோயில் படிக்கிட்ட போட்டுக்கிட்டு உள்ள போவா. எல்லாவனும் வெளிய கழட்டிட்டுத்தான உள்ள போவான்? இவ உள்ளதான் போடுவா. ஐயர் திட்டுவாராம். இவ கேக்கமாட்டா."

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியை ஆச்சியிடம் அனுப்பியிருக்கிறேன், கையில் ஒரு நோட்டோடு. அடுத்த கூட்டத்தில் அவன் எழுதிக்கொண்டு வந்ததைப் படிப்போம்.